வனக் குளியல்: காட்டில் நடக்க வழிகாட்டி எதற்கு?

வனக் குளியல் என்ற சொல் இப்போது சுற்றுலா விளம்பரத்தில் வருகிறது, மருத்துவக் குறிப்பில் வருகிறது, அலுவலகப் பயிற்சி அறிவிப்பிலும் வருகிறது. ஓரிடத்தில் அது மன அழுத்தத்துக்கு மருந்து. இன்னோரிடத்தில் புற்றுநோயைத் தடுக்கும் வழி. வேறோரிடத்தில் வாரக்கடைசிப் பொழுதுபோக்கு. படிப்பவர் குழம்பிப் போவதில் வியப்பில்லை. காட்டுக்குள் நடக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே, அதற்கு எதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் கட்டணமும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, இது என்ன, எங்கிருந்து வந்தது, உடலில் என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எதை வனக் குளியல் என்கிறார்கள்?

மரங்கள் அடர்ந்த ஓர் இடத்தில், எங்கும் போய்ச் சேரும் அவசரம் இல்லாமல், கண், காது, மூக்கு, தோல் எல்லாவற்றையும் வேலை செய்ய விட்டு, நிதானமாக இருந்துவிட்டு வருவது. அவ்வளவுதான். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பானிய மொழியில் இதற்கு ஷின்ரின்-யோகு என்று பெயர்.

இதைப் போலவே தோன்றும் மூன்று விஷயங்களிலிருந்து இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. மலையேற்றம். அதில் தூரமும் உயரமும் நேரமும் கணக்கு. வனக் குளியலில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் கூடக் கடக்காமல் இருப்பது வழக்கம். வியர்த்து விறுவிறுத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

2. இயற்கை அறிமுக நடை. பறவையின் பெயர், மரத்தின் குடும்பம், பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி என்று அறிவைச் சேர்ப்பது அதன் நோக்கம். அது அருமையான விஷயம். ஆனால் பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வனக் குளியலில் பெயர்கள் பின்னுக்குப் போகின்றன.

3. தியானம். கண்ணை மூடி, மூச்சில் மனதை நிறுத்துவது பெரும்பாலான தியான முறைகளின் அடிப்படை. இங்கே கவனம் வெளியே போகிறது, இலையசைவுக்கும் ஈரமண் வாசனைக்கும்.

மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லும் இத்துடன் சேர்ந்தே வரும். இந்த நொடியில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், கவனித்துக்கொண்டிருப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி இதை மருத்துவ உலகுக்குள் கொண்டுவந்தது. உட்கார்ந்த இடத்தில் மனதைக் கட்டிப்போட முடியாமல் தவிப்பவர்களுக்குக் காடு அந்தப் பயிற்சியை எளிதாக்குகிறது. கவனிக்க ஏதோ ஒன்று அங்கே இருந்துகொண்டே இருக்கும். மனம் நழுவினாலும் ஒரு பறவைக் குரல் திரும்பக் கூப்பிட்டுவிடும்.

எங்கே தொடங்கியது?

பழங்கால மரபு என்று பலரும் எழுதுகிறார்கள். மரங்களை வணங்கும் வழக்கம் ஜப்பானில் மிகப் பழையது, உண்மை. ஆனால் இந்தப் பெயரும் இந்த வடிவமும் 1982-இல் ஜப்பான் அரசின் வனத்துறை முன்வைத்தவை. அப்போது அதன் தலைவராக இருந்த தொமோஹிதே அகியாமா இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தினார். தொழில் வளர்ச்சியின் உச்சத்தில் நகரவாசிகள் வேலையில் தேய்ந்துகொண்டிருந்தார்கள். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. மக்களைக் காடுகளுக்கு வரவைத்தால் அவர்கள் உடல்நலமும் தேறும், காடுகள் மீது அக்கறையும் வளரும் என்பது திட்டம்.

நாகானோ மாகாணத்தின் அகாசாவா காடு இந்த இயக்கத்தின் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. அங்கே 300 ஆண்டுகளைக் கடந்த ஹினோகி என்ற ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. அவை நிற்பதற்குக் காரணம் கடுமையான சட்டம். எடோ ஆட்சிக் காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) அந்தப் பகுதியில் ஒரு மரத்தை வெட்டினால் ஒரு தலை போகும் என்று சொல்லும் அளவுக்குக் காவல் இருந்தது. இன்று உடல்நலத்துக்காக அங்கே நடப்பவர்கள் அந்தக் காவலின் பலனைத்தான் அனுபவிக்கிறார்கள்.

1982-இல் இது ஒரு நல்லெண்ணப் பிரச்சாரம் மட்டுமே. அளவீடுகள் பிறகு வந்தன. 1990-இல் யோஷிஃபுமி மியாசாகி என்ற ஆய்வாளர் யாகுஷிமா தீவின் காட்டில் முதல் சிறு பரிசோதனையைச் செய்தார். 2004-க்குப் பிறகு அரசு ஆதரவோடு ஆய்வுகள் வேகமெடுத்தன. 2006 முதல் ஜப்பானில் 'வன சிகிச்சைத் தளங்கள்' என்று சான்று பெற்ற காடுகள் உருவாயின. இன்று அவை 60-க்கும் மேல். தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வன நலப் பயிற்றுநர் என்பது சட்டப்படி அரசு தரும் தகுதி. 2012-இல் அமெரிக்காவில் ஏமஸ் கிளிஃபோர்ட் தொடங்கிய சங்கம் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கியதும், ஆங்கிலம் பேசும் நாடுகளில் வழிகாட்டியோடு நடக்கும் முறை பரவியது.

ஒரு நடையில் என்ன நடக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வழிகாட்டி தேவையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. குழுவுக்குக் குழு மாறினாலும் பொதுவான வரிசை இப்படி இருக்கும்.

1. வாசலில் நிற்பது. கைப்பேசியை அணைத்துப் பையில் வைக்கச் சொல்வார்கள். பாதை எப்படி, எங்கே வழுக்கும், எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று வழிகாட்டி சொல்லிவிடுவார். அப்புறம் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, ஒவ்வொரு புலனாகக் கவனிக்க வைப்பார். எந்தப் பக்கம் காற்று படுகிறது, மிகத் தொலைவில் கேட்கும் ஒலி எது, காலுக்கடியில் தரை கெட்டியா மெத்தென்றா. இதற்கே கால் மணி நேரம் போகும்.

2. அசைவதைப் பார்த்து நடப்பது. 'இங்கே என்னவெல்லாம் அசைகிறது' என்ற ஒரே கேள்வியோடு, பேசாமல், மிக மெதுவாக நடக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் சங்கடமாக இருக்கும். கால் வழக்கமான வேகத்துக்கே இழுக்கும். கொஞ்ச நேரத்தில் பார்வை மாறுகிறது. இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒற்றைச் சிலந்தி நூல் கண்ணில் படுகிறது. காற்று வரும்போது மட்டும் ஒளி அதன் மேல் ஓடி மறைகிறது. மரப்பட்டையின் வெடிப்பில் எறும்பு வரிசை ஓரிடத்தில் வளைந்து போகிறது. அங்கே பிசின் கசிந்திருக்கிறது. சாதாரண வேகத்தில் நடந்திருந்தால் இரண்டையும் கடந்து போயிருப்போம்.

3. அழைப்புகள். வழிகாட்டி தரும் சின்னச் சின்ன வேலைகளுக்கு இந்தப் பெயர். ஒரு மரத்தின் பக்கத்தில் நின்று அதன் பட்டையை உள்ளங்கையால் உணர்ந்து பாருங்கள் என்பார். வெவ்வேறு நிழலின் குளுமையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பார். செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிடிக்காவிட்டால் சும்மா நிற்கலாம்.

4. ஓரிடத்தில் உட்காருவது. ஆளுக்கொரு இடம், ஒருவர் கண்ணில் ஒருவர் படாத தூரம், இருபது நிமிடம் போல. என் பார்வையில் முழு நடையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நாம் நடக்கும்போது பறவைகளும் அணில்களும் ஒதுங்கிவிடுகின்றன. அசையாமல் உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் அவை தங்கள் வேலைக்குத் திரும்புகின்றன. காடு வெறிச்சோடி இருந்ததாக முதலில் தோன்றியதற்கு நம் காலடிச் சத்தமே காரணம் என்று அப்போது புரியும்.

5. வட்டமாகக் கூடுவது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் கவனித்ததை ஒரு வரியில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கடைசியில் தேநீரோடு முடிப்பது பல குழுக்களின் வழக்கம்.

இதில் வழிகாட்டி விளக்கவுரை தருவதில்லை, சிகிச்சையும் தருவதில்லை. அவர் செய்வது மூன்று வேலைகள்: வேகத்தைக் குறைத்துப் பிடிக்கிறார், நேரத்தைப் பார்த்துக்கொள்கிறார், பாதுகாப்பைக் கவனிக்கிறார். தனியாகப் போனால் வேகத்தைக் குறைப்பதுதான் மிகக் கடினம். ஐந்தாவது நிமிடத்தில் 'அந்தத் திருப்பம் வரை போய்ப் பார்ப்போம்' என்று தோன்றும், பத்தாவது நிமிடத்தில் கை கைப்பேசியைத் தேடும். வழி தவறாமல் திரும்ப வேண்டுமே என்ற எண்ணமும் மனதின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பொறுப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்போதுதான் முழுக் கவனமும் காட்டுக்குக் கிடைக்கிறது.

உடலுக்குள் என்ன மாறுகிறது?

விளக்கங்கள் மூன்று திசைகளிலிருந்து வருகின்றன.

முதலாவது நரம்பு மண்டலம். நம் விருப்பத்தைக் கேட்காமல் இதயத்தையும் செரிமானத்தையும் இயக்கும் நரம்புகளில் இரண்டு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்பு மண்டலம் ஆபத்துக்குத் தயாராக்குகிறது. எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் ஓய்வுக்குத் திருப்புகிறது. வேலை நெருக்கடி, இரைச்சல், ஓயாத அறிவிப்பு ஒலிகள் முதலாவதைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஜப்பானில் 24 காடுகளில் 280 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. ஒரே ஆட்கள் ஒரு நாள் காட்டிலும் ஒரு நாள் நகரத்திலும் கால் மணி நேர அளவில் உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். காட்டில் இருந்தபோது உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன, எதிர்ப்பரிவு நரம்புகளின் செயல்பாடு கூடியது.

இரண்டாவது கவனம். ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற உளவியலாளர்கள் 1989-இல் முன்வைத்த கருத்து இது. திரையைப் பார்ப்பது, கணக்குப் போடுவது, நெரிசலில் வண்டி ஓட்டுவது எல்லாம் முயன்று பிடிக்கும் கவனத்தைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்துபோகக்கூடியது, தீர்ந்தால் எரிச்சலும் தவறுகளும் வரும். மேகம், இலை, ஓடும் நீர் போன்றவை கவனத்தை மென்மையாக ஈர்க்கின்றன, முயற்சி தேவைப்படுவதில்லை. அந்த நேரத்தில் முயன்று பிடிக்கும் கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது. நடந்ததையே நினைத்து நினைத்து மறுகும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் இயற்கைச் சூழலில் நடந்தவர்களிடம் அந்த மறுகல் குறைந்தது. பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை.

மூன்றாவது மணம், அதிகம் பேசப்படுவதும் அதிகம் ஊதிப் பெருக்கப்படுவதும் இதுதான். மரங்கள் பூச்சிகளையும் நுண்ணுயிர்களையும் சமாளிக்க ஆவியாகும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. சோவியத் உயிரியலாளர் போரிஸ் டோகின் இவற்றுக்கு ஃபைட்டான்சைடு என்று பெயரிட்டார். ஊசியிலைக் காட்டின் மணத்துக்குக் காரணமான ஆல்ஃபா-பைனீன், லிமோனீன் போன்ற டெர்பீன்கள் இவ்வகை. டோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சிங் லீ, 2005-இல் 12 அலுவலக ஆண்களை மூன்று நாள் காட்டுக்கு அழைத்துப்போய், முன்னும் பின்னும் ரத்தத்தைச் சோதித்தார். கிருமி தொற்றிய செல்களையும் புற்று செல்களையும் தாக்கும் இயற்கைக் கொல்லி செல்களின் செயல்பாடு கூடியிருந்தது. பின்னர் செய்த ஆய்வில், நகரச் சுற்றுலா போனபோது அந்த உயர்வு வரவில்லை. காட்டுக்குப் போனபோது வந்த உயர்வு ஒரு வாரத்துக்கு மேலும் நீடித்தது.

ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் செய்திகள் தடம் புரள்கின்றன. 'கொல்லி செல்கள் கூடின' என்பது 'புற்றுநோய் தடுக்கப்படும்' என்று தலைப்பாகிவிடுகிறது. நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. ரத்த மாதிரியில் ஒரு செல் வகை சில நாள்கள் சுறுசுறுப்பாக இருந்தது என்பதை வைத்து, பல ஆண்டுகளில் யாருக்கு நோய் வரும், வராது என்று சொல்லவே முடியாது. அதுவும் ஆய்வில் இருந்தவர்கள் 12 பேர். வனக் குளியல் புற்றுநோயைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ யார் சொன்னாலும் அதை ஏற்க வேண்டாம்.

மற்ற குறைகளும் இருக்கின்றன.

1. பல ஆய்வுகள் சிறியவை, கலந்துகொண்டவர்களில் பெரும்பகுதி ஆரோக்கியமான இளம் ஆண்கள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதே பலன் வரும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

2. மாத்திரை ஆய்வில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மறைக்கலாம். காட்டில் நிற்பவரிடம் காட்டை மறைக்க முடியாது. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அளவீட்டை மாற்றக்கூடும். கார்ட்டிசால் பற்றிய 22 ஆய்வுகளை 2019-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், பெரும்பாலானவற்றில் அளவு குறைந்ததைக் கண்டார்கள். எதிர்பார்ப்பின் பங்கும் அதில் இருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

3. காட்டுக்குப் போகும்போது வேலை இல்லை, இரைச்சல் இல்லை, வெயில் குறைவு, நடை உண்டு. பலன் மரத்தால் வந்ததா, இவற்றால் வந்ததா என்று பிரிப்பது கடினம்.

இவ்வளவு சலித்த பிறகும் மிஞ்சுவது சிறிய விஷயமல்ல. சிறிது நேரத்துக்கு மன அழுத்தம் குறைகிறது, மனநிலை தேறுகிறது என்பது பல நாடுகளில், பல முறைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இதற்கெல்லாம் முன்னோடி. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து, ஒரே மருத்துவமனையில், ஒரே மாதிரி அறைகளில் இருந்தவர்களை அவர் ஒப்பிட்டார். சிலர் சன்னலுக்கு வெளியே மரங்கள், சிலர் சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலுவான வலிநிவாரணிகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். காட்டுக்குள் போகக்கூட இல்லை, படுக்கையிலிருந்து பார்த்ததற்கே அந்த வித்தியாசம்.

மனச்சோர்வு, பதற்ற நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் நடையையும் சேர்த்துக்கொள்ளலாம். நடையை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு நடை நல்லதா என்று அறிய, விளம்பரத்தை விட்டுவிட்டுச் சில கேள்விகளைக் கேட்டால் போதும். எத்தனை பேரைக் கூட்டிப்போகிறார்கள்? பத்துப் பதினைந்தைத் தாண்டினால் அமைதி கெட்டுவிடும். எவ்வளவு தூரம்? ஐந்து கிலோமீட்டர் என்று சொன்னால் அது வேறு நிகழ்ச்சி. வழிகாட்டி அந்தக் காட்டில் முன்பே பலமுறை நடந்தவரா, முதலுதவி தெரிந்தவரா? நடக்கச் சிரமப்படுபவர்கள் கலந்துகொள்ள முடியுமா?

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. தென்கொரியா போன்ற இடங்களில் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. பெரும்பாலான நாடுகளில் அது தனியார் அமைப்பு தரும் பயிற்சிச் சான்று மட்டுமே. பயிற்சி பெற்றிருப்பது நல்லதுதான், ஆனால் அது மருத்துவரின் உரிமம் ஆகாது. நடைக்கு நடுவில் கடந்தகால அதிர்ச்சிகளைத் தோண்டச் சொல்பவர், நோயைக் கண்டுபிடித்துச் சொல்பவர், எண்ணெயோ மாத்திரையோ விற்பவர், இவர்களிடமிருந்து விலகிக்கொள்ளலாம்.

காட்டின் ஆபத்துகளையும் நல்ல வழிகாட்டி மறைக்கமாட்டார். பல நாடுகளில் உண்ணிகள் நோய் பரப்புகின்றன. நீளக் கால்சட்டையும், திரும்பியதும் உடலைச் சோதிப்பதும் அவசியம். பலத்த காற்றில் பெரிய மரங்களின் கீழ் உட்காரக்கூடாது. ஆஸ்துமாவும் மகரந்த ஒவ்வாமையும் உள்ளவர்கள் பருவம் பார்த்துப் போக வேண்டும். ஜப்பானிலேயே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருமளவில் நட்ட சுகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தம் ஒவ்வொரு வசந்தத்திலும் கோடிக்கணக்கானவர்களைத் தும்ம வைக்கிறது.

காட்டுக்கு என்ன ஆகும்?

நலம் தேடிப் போகிறவர்கள் பேச மறந்துவிடும் பக்கம் இது. ஒரே பாதையில் கால்கள் கூடினால் மண் இறுகும், மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும், மேல்மட்ட வேர்கள் வெளியே தெரியும். ஆளுக்கொரு இடத்தில் உட்காரச் சொல்லும்போது பாதைக்கு வெளியேயும் கால்கள் போகின்றன. கூடு கட்டும் பருவத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கூட ஒரு தாய்ப்பறவையை முட்டையிலிருந்து விலக்கி வைக்க முடியும். ஆகவே குழுவைச் சிறிதாக வைப்பது, உட்காரும் இடங்களை மாற்றிக்கொண்டே இருப்பது, சில மாதங்களில் சில பகுதிகளுக்குப் போகாமல் விடுவது எல்லாம் நடையின் பகுதியாக இருக்க வேண்டும். இதைக் கேட்டால் பதில் வைத்திருக்கும் வழிகாட்டியை நம்பலாம்.

காடு அருகில் இல்லாதவர்களுக்கு

300 வயது மரங்கள் எல்லோருக்கும் எட்டுவதில்லை. அமெரிக்காவில் நகரவாசிகள் 36 பேரை எட்டு வாரம் கவனித்த 2019 ஆய்வில், அவரவர் தேர்ந்தெடுத்த ஏதோ ஒரு பசுமையான இடத்தில், கைப்பேசி இல்லாமல், பகல் வெளிச்சத்தில் இருந்தார்கள். 20 முதல் 30 நிமிடத்துக்குள் கார்ட்டிசால் மிக வேகமாகக் குறைந்தது. அதற்குப் பிறகும் குறைந்தது, ஆனால் மெதுவாக. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் பெற்ற தகவல்களை வைத்து வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். பூங்காக்களும் அதில் கணக்கில் சேர்ந்தன. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்ற வாய்ப்பை இந்த வகை ஆய்வு முழுதாக விலக்காது. ஆனால் அந்த 120 நிமிடத்தை ஒரே மூச்சில் கழித்தாலும், வாரம் முழுக்கப் பிரித்துக் கழித்தாலும் அதில் வித்தியாசம் தெரியவில்லை.